முந்தி ஆய்ந்த மாங்காய்: வெள்ளவத்தை ஞாயிறு சந்தையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டு, லொறிகள் ஓடாமல் நின்ற மாதங்களில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த சில வீட்டார் ஒன்றுகூடி மரக்கறி எடுப்பிக்கத் தொடங்கினோம். யாருக்காவது ஊரில் தெரிந்த விவசாயி இருந்தால் அவரோடு பேசி, கிடைக்கிற வாகனத்தில் நாலு சாக்கு ஏற்றிவிடச் சொல்வோம். அடுத்த வருடம் நிலைமை கொஞ்சம் சீரான பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. ஒரு தொடர்மாடியின் உரிமையாளர் ஞாயிறு காலைகளில் வாகனத் தரிப்பிடத்தைத் தந்தார். ஆறு மணி தொடக்கம் பதினொரு மணி வரை, பத்துப் பன்னிரண்டு மேசை. அதுதான் எங்கள் சந்தை. நடத்துவது ஐந்து பேர். அதில் நானும் ஒருத்தி.

வெள்ளவத்தையில் மரக்கறிக்குக் குறைவில்லை. காலி வீதியில் சந்தைக் கட்டடம் இருக்கிறது, சுப்பர் மார்க்கெட்டுகள் இருக்கின்றன, தெருவோரம் வண்டில்காரர்கள் நிற்கிறார்கள். அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி பேலியகொடை மெனிங் சந்தை வழியாகவோ தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் வழியாகவோ வருவது. அதனால் நாங்கள் ஒரேயொரு விதி வைத்தோம். மேசையில் நிற்பவர் தானே விளைவித்ததையோ, தன் ஊரில் தனக்குத் தெரிந்தவர் விளைவித்ததையோ மட்டும் கொண்டுவர வேண்டும். மொத்தச் சந்தையில் வாங்கி இங்கே விற்கக் கூடாது. நல்ல விதி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதன் மறுபக்கத்தை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. விளைவித்ததை மட்டும் விற்பவருக்கு, விளையாத மாதங்களும் உண்டு.

பிலியந்தலைப் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை கொண்டுவருவார். மழையோ வெயிலோ, வருடம் முழுக்க வருவார். நுவரெலியாவில் இருந்து கரட், லீக்ஸ், போஞ்சியோடு சகோதரர்கள் இருவர் வருவார்கள். மல்வானைக் குடும்பம் ஒன்று ரம்புட்டான் காலத்தில் மட்டும் தலைகாட்டும். இந்த ஆய்வின் நடுவில் இருப்பவர் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் இருந்து வருபவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், சந்தையில் எல்லோருக்கும் அண்ணை. சொந்த வளவில் ஆறு கறுத்தக்கொழும்பான் மா மரம். அதற்கு மேல், மா பூக்கும் காலத்தில் அயல் வளவுகளில் பதினைந்து மரம் வரை குத்தகைக்கு எடுப்பார்.

அப்போது மேசை வாடகை வாரம் 1,500 ரூபாய். இடம் நிலைக்க வேண்டுமென்றால் வராத வாரத்துக்கும் கட்ட வேண்டியிருந்தது. எல்லோருக்கும் ஒரே தொகை என்பதால் அது நியாயம் என்று நம்பினோம்.

ஏப்ரல் 7: சந்தையில் கண்டது

2024இல் சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் நடுப்பகுதியில், ஒரு வார இறுதியில் வந்தது. அதற்கு முந்திய ஞாயிறு 7ஆம் திகதி. மார்ச் கடைசியில் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவித்தல் போனது: "புத்தாண்டுத் தட்டுக்கு மா, பலா, வாழை மூன்றும் நம் சந்தையில். யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் வருகிறது." எழுதியது நான். அண்ணையிடம் தொலைபேசியில் கேட்டபோது, "பாப்பம் தங்கச்சி, கொஞ்சம் கொண்டு வரலாம்" என்றார். அந்தப் "பாப்பம்" என்ற சொல்லை நான் விட்டுவிட்டு, "வருகிறது" என்று எழுதிவிட்டேன்.

அன்று காலை அவர் மேசையில் எட்டுப் பெட்டி இருந்தது, ஏறத்தாழ 120 கிலோ. எட்டரை மணிக்குள் எல்லாம் முடிந்தது. காயாகத்தான் இருந்தது, வைக்கோலில் வைத்தால் நாலைந்து நாளில் பழுக்கும் என்று சொல்லித்தான் விற்றார்.

வியாழக்கிழமை முதல் குழுவில் படங்கள் வரத் தொடங்கின. காம்படியில் தோல் சுருங்கியிருந்தது. வெட்டினால் கொட்டையை ஒட்டிய சதை வெள்ளை. சிலது மெத்தென்று ஆகியும் புளிப்பு மாறவில்லை. அப்புறம் ஒருவர் "கார்பைட் போட்டிருக்கிறார்கள்" என்று எழுதினார். ஒரு மணி நேரத்துக்குள் அதையே பத்துப் பேர் எழுதினார்கள். வருடப் பிறப்புக்குப் படைக்க வாங்கிய பழம் என்பதால் கோபம் இரட்டிப்பு. அண்ணையும் அந்தக் குழுவில் இருந்தார். அவர் எல்லாவற்றையும் வாசித்ததாக நீல அடையாளம் காட்டியது. பதில் எதுவும் எழுதவில்லை.

விசாரித்ததில் தெரிந்தது

குற்றச்சாட்டு கார்பைட் என்பதால் அதை முதலில் பார்த்தோம். எங்கள் வாடிக்கையாளர்களில் விவசாயத் துறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் ஐயா இருக்கிறார். மிச்சமிருந்த பழங்களை அவர் வீட்டு மேசையில் வைத்து வெட்டினோம்.

கல்சியம் கார்பைட் ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயுவை விடும். பழம் பழுக்கும்போது தானாக விடுகிற எதிலீனைப் போல அது வேலை செய்து தோலின் நிறத்தை மாற்றிவிடும். தொழிற்சாலைக் கார்பைட்டில் ஆர்சனிக், பொஸ்பரஸ் கலந்திருக்கக் கூடும் என்பதால்தான் அதை உணவுப் பொருளில் சேர்க்க விடுவதில்லை. ஐயா சுட்டிக்காட்டியது நேர்மாறான ஒன்றை. கார்பைட் போட்ட பழம் வெளியே பழுத்த மாதிரித் தெரியும், உள்ளே காயாக இருக்கும். எங்கள் கையில் இருந்தவை வெளியேயும் காய், உள்ளேயும் காய். கறுத்தக்கொழும்பான் பழுத்த பிறகும் தோலில் பச்சை பெரிதாக மாறாது, அதனால் நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது என்றும் சொன்னார். பிறகு பழத்தின் தோளைக் காட்டினார். முற்றிய காயில் காம்பின் இரண்டு பக்கமும் தோள் எழுந்து, காம்பு சிறு குழிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இவற்றில் தோள் சரிந்து கிடந்தது. வெட்டியபோது உள்ளே விதை இன்னும் இறுகவில்லை. இப்படி முற்றாமல் ஆய்ந்த காயை எத்தனை நாள் வைக்கோலில் வைத்தாலும் வாடுமே தவிர இனிக்காது.

ஆக, மருந்து இல்லை. முற்றுவதற்குப் பல வாரம் முந்தி ஆய்ந்திருக்கிறார். ஏன்?

அதை அறிய நான் அவரோடு இரண்டு தடவை நீண்ட நேரம் பேச வேண்டி வந்தது. முதல் தடவை, "பிழைதான் தங்கச்சி, காசைத் திருப்பித் தாறன்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் தடவைதான் கணக்கு வெளியே வந்தது. வடக்கில் மா பூப்பது பெரும்பாலும் தை, மாசியில். குத்தகைப் பணத்தில் பாதியைப் பூக்கும்போதே மரக்காரருக்குக் கொடுக்க வேண்டும். மிச்சப் பாதியை வருடப் பிறப்புக்கு முன் கொடுப்பதாகப் பேச்சு. மரக்காரருக்கும் புத்தாண்டுச் செலவு இருக்கிறது. பழம் முற்றி விலையாவது வைகாசி, ஆனியில். அதாவது பணம் கொடுக்க வேண்டிய நாளுக்கும் பழம் காசாகும் நாளுக்கும் இடையில் ஒன்றரை மாதம். அந்த இடைவெளியில் வெளியூர் வியாபாரிகள் வந்து மரத்துக்குக் கூடுதலாகத் தருகிறோம் என்று கேட்பார்கள். தவணை தவறினால் மரம் கைமாறிவிடும். போதாததற்கு, விற்க ஒன்றும் இல்லாத கார்த்திகை, மார்கழியிலும் எங்கள் மேசை வாடகையை அவர் ஒரு வாரம் தவறாமல் கட்டியிருக்கிறார். அந்த நேரத்தில்தான் கொழும்பில் இருந்து என் தொலைபேசி அழைப்பும் போயிருக்கிறது.

பேராசை என்று குழுவில் பலர் எழுதினார்கள். நான் கண்டது அதுவல்ல. காசு பிந்தியது, காய் முந்தியது.

எடுத்த முடிவுகள்

ஏப்ரல் 16ஆம் திகதி ஐந்து பேரும் கூடினோம். ஒருவர் அண்ணையை நிறுத்த வேண்டும் என்றார். அவர் சொன்ன காரணத்தைப் பதிவு செய்வது முக்கியம்: "அவர் பாவம்தான். ஆனா வாங்கின ஆள் அவற்ற கஷ்டத்துக்குக் காசு குடுக்கேல்ல, பழத்துக்குத்தான் குடுத்தது. முத்தாத காய் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்." அதில் நியாயம் இருந்தது. அண்ணையும் தெரிந்துதான் ஆய்ந்தேன் என்று ஒப்புக்கொண்டார். இருந்தாலும் நாங்கள் அவரை நிறுத்தவில்லை. வருமா என்று தெரியாமலே வரும் என்று விளம்பரம் செய்தவர்கள் நாங்கள். விளையாத மாதத்துக்கும் வாடகை வாங்கியவர்களும் நாங்கள். அவரை மட்டும் அனுப்பினால் அடுத்த வருடம் வேறொருவர் இதே இக்கட்டில் நின்று இதையே செய்வார்.

முதலில் வாங்கிய எல்லோருக்கும் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தோம். பழத்தைக் காட்டச் சொல்லவில்லை, கேள்வி கேட்கவில்லை. பாதியை அண்ணை கொடுத்தார், பாதி சந்தைப் பெட்டியில் இருந்து போனது. கூடவே, கார்பைட் இல்லை என்பதையும், முற்றாத காய் என்பதையும், அறிவித்தல் எங்கள் தவறு என்பதையும் குழுவில் எழுதினோம். இந்த மூன்றையும் ஒரே செய்தியில் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். தனித்தனியாக எழுதியிருந்தால் ஆளுக்கொன்றை மட்டும் வாசித்திருப்பார்கள்.

இரண்டாவது, முற்பணம். விரும்புகிற குடும்பம் 5,000 ரூபாய் தருவது, பருவத்தில் ஐந்து கிலோப் பெட்டி ஒன்றைப் பெறுவது. 22 குடும்பம் சேர்ந்தது. அந்தத் தொகை நேராக அண்ணையின் குத்தகை மிச்சத்துக்குப் போனது. பணம் பிந்தியதுதான் காரணம் என்றால் பணத்தை முந்திக் கொடுத்துப் பார்ப்போம் என்பதுதான் யோசனை.

மூன்றாவது, வாடகை. வாரத்துக்கு 1,500 என்பதை எடுத்துவிட்டு, விற்றதில் நூற்றுக்கு 8 என்று மாற்றினோம். இதில் ஒரு பிழை ஒளிந்திருந்தது, கீழே சொல்கிறேன்.

கடைசியாக, மேசையில் ஒரு வாளித் தண்ணீர். முற்றிய மாங்காய் தண்ணீரில் தாழும், முற்றாதது மிதக்கும். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று ஐயா எச்சரித்தார். ஆனால் வாங்குபவர் கண் முன்னால் செய்து காட்டக்கூடிய சோதனை இது. அதோடு ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பழத்தை வெட்டி வைப்பது, கொட்டையோரச் சதை மஞ்சள் பிடித்திருக்கிறதா என்று எல்லோரும் பார்க்க.

மே முதல் ஜூலை வரை

மே 19இல் முதல் பெட்டிகள் வந்தன. ஆய்ந்த விதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. கொக்கத்தடியில் வலைப்பை கட்டி, காம்பு ஓரங்குலம் விட்டு ஆய்ந்து, பால் வடியக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அடுக்கியிருந்தார். பால் பட்டால் தோல் கருகும், அந்த இடத்தில் இருந்து அழுகல் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். லொறிக்குள் இரவு முழுக்க வரும் பழத்துக்கு இந்தச் சின்ன வேலைகள் பெரிய வித்தியாசம்.

வாளியைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம். பத்துக்கு ஒன்று மிதந்தது. மிதந்தவற்றை அண்ணை ஒதுக்கி, "இது கறிக்கும் ஊறுகாய்க்கும்" என்று பாதி விலைக்குக் கொடுத்தார். அதுவும் விற்றது. பழுக்கிற வரை குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று ஒரு துண்டுத் தாளும் கொடுத்தோம். குளிர் தாங்காமல் மாம்பழம் உள்ளே கறுத்துப் போவதும் முதல் தடவை வந்த முறைப்பாடுகளில் கலந்திருந்தது.

ஜூன் 2ஆம் திகதி எங்கள் திட்டத்தில் இல்லாத நாள். அன்று தென்மேற்கு முழுக்கக் கடும் மழை. கொழும்பு, கம்பஹா, களுத்துறை, இரத்தினபுரி எங்கும் வெள்ளம். சந்தை நடக்கவில்லை. ஆனால் அண்ணையின் லொறி சனி இரவே புறப்பட்டுவிட்டது. முற்பணம் கட்டியவர்களுக்கான 22 பெட்டியும் மற்றவர்களுக்கான பதினெட்டும் தரிப்பிடத்தின் மூலையில் நனைந்தபடி இருந்தன. மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து இரண்டு முச்சக்கர வண்டிக்காரத் தம்பிமார் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். முற்பணப் பெட்டிகள் எல்லாம் திங்கள் மாலைக்குள் சேர்ந்தன, ஏனென்றால் பெயரும் முகவரியும் கையில் இருந்தன. மற்றப் பதினெட்டில் ஏழு கெட்டுப்போயின. மல்வானைக் குடும்பத்துக்கு களனி கங்கை வீட்டு முற்றம் வரை வந்துவிட்டது. அவர்கள் ஜூன் கடைசி வரை வரவேயில்லை. அவர்களுக்காக ஒரு முற்பணமும் இல்லை, எந்த ஏற்பாடும் இல்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஜூன் நடுவில் எல்லா மரமும் ஒன்றாகக் காய்த்து வெளிச் சந்தையில் விலை இறங்கியது. கிலோ 1,000 என்ற கணக்கில் முற்பணம் கட்டியவர்கள் காலி வீதியில் அதைவிடக் குறைவாகக் கண்டார்கள். நாலைந்து பேர் முகம் சுளித்தார்கள். கோபத்தைக் குறை சொல்ல மாட்டேன். விலை இறங்கினால் என்ன செய்வது என்று நாங்கள் முன்கூட்டிப் பேசவில்லை.

கீரைக்கார அம்மாவின் கேள்வி

வாடகையை மாற்றி ஆறு வாரம் ஆனபோது கீரை அம்மா தன் கொப்பியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். சிங்களமும் தமிழும் கலந்துதான் பேசுவார். "மிஸ், முந்தி ஆயிரத்தைந்நூறு. இப்ப ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து நானூறு. நான் ஒவ்வொரு கிழமையும் வாறதால நான் கூடக் கட்டறது. மாம்பழ ஐயா வராத மாசம் அவருக்கு ஒண்ணும் இல்ல. சரி, ஆனா அந்தக் காசை யாரு குடுக்கிறது?"

அவர்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். பருவத்துக்கு மட்டும் விளைவிப்பவருக்கு நாங்கள் இறக்கிய சுமை, வருடம் முழுக்க விளைவிப்பவரின் தோளில் ஏறியிருந்தது. அவருக்கும் இழப்பு இல்லாமல் இல்லை. ஒரு கடும் மழை பெய்தால் ஒரு வாரக் கீரை சேற்றோடு போய்விடும். மாம்பழக் கதை பெரிதாகிக் குழு முழுக்கப் பேசப்பட்டதால் எங்கள் கண்ணில் பட்டது. கீரை அழுகுவதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

அந்த வாரமே உச்ச வரம்பு வைத்தோம்: விற்றதில் நூற்றுக்கு 8, ஆனால் எந்த வாரமும் 1,500க்கு மேல் இல்லை. அவர் கூடுதலாகக் கட்டியதைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தோம். சந்தைப் பெட்டி அதோடு கிட்டத்தட்டக் காலி. இரண்டு மாதம் கூடாரச் சீலை திருத்தாமல் இருந்தோம்.

மாம்பழம் இல்லாத மாதங்கள்

மா ஓய்ந்த பிறகும் அண்ணை வந்தார். வாடகை அழுத்தம் போனதும் அவர் யோசிக்கத் தொடங்கியிருந்தார். ஜூலை நடுவில் ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சப் பனங்கட்டிக் குட்டான் கொண்டுவந்தார். கொழும்பில் பிறந்து வளர்ந்த பல பிள்ளைகள் குட்டானை முதல் தடவையாக அன்றுதான் கையில் எடுத்தார்கள். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும் காலம். அவர் மனைவியின் தமக்கை செய்த பனாட்டு வந்தது. தையில் பனங்கிழங்கு. அதற்குப் பிறகு புழுக்கொடியல், ஒடியல் மா.

விற்பனை மாம்பழத்தின் கால்வாசிகூட இல்லை. ஆனால் மேசை வெறுமையாக இல்லை, அவர் சும்மா இருக்கவும் இல்லை. மாம்பழத்தோடு மட்டும் அவரை நினைத்திருந்த எங்களுக்கு, தென்மராட்சி வளவில் ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது புதிதாகத் தெரிந்தது. நாங்கள் கேட்டிருந்தால் முதல் வருடமே சொல்லியிருப்பார்.

பணம் திருப்பி வாங்கிய குடும்பங்களில் நாலு பேர் இன்றுவரை வரவில்லை. அதில் ஒருவர் என் பக்கத்து வீட்டுக்காரர். கார்பைட் என்றுதான் இன்னும் சொல்கிறார்.

மாற்றியதும் மாற்ற வேண்டியதும்

ஏப்ரலில் கொடுத்த முற்பணமே பிந்திய பணம். குத்தகையின் முதல் பாதி பூக்கும்போது போகிறது என்றால் கைகொடுக்க வேண்டிய நேரமும் அதுதான். 2025இல் தை முடியும்போதே வாங்கிக் கொடுத்தோம். இந்தத் தடவை கிலோவுக்கு விலை பேசவில்லை. பெட்டி கொடுக்கும் நாளில் வெளிச் சந்தையில் என்ன விலையோ அதைவிடக் கொஞ்சம் குறைவு, மிச்சத்தைப் பழமாகவோ அடுத்த வருடத்துக்கோ எடுக்கலாம். பூக்கும்போது மழை பெய்து பூ கொட்டினால் எல்லோருக்கும் பங்கு குறையும் என்பதையும் முதலிலேயே எழுதிக் கொடுத்தோம். 22 பேரில் ஐந்து பேர் விலகினார்கள், எட்டுப் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

வரும் பொருளைப் பற்றி இப்போது விளைவிப்பவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுகிறோம். "பாப்பம்" என்றால் "பாப்பம்" என்றே போகிறது.

செய்யாமல் விட்டது, மழை நட்டத்துக்கு ஒரு பொது நிதி. கீரை அம்மாவுக்கும் மல்வானைக் குடும்பத்துக்கும் அதுதான் தேவை, முற்பணம் அல்ல. எவ்வளவு சேர்ப்பது, யார் நட்டத்தை அளப்பது என்று மூன்று கூட்டம் பேசியும் முடிவுக்கு வரவில்லை. ஜூன் வருவதற்கு முன் முடித்திருக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 6, புத்தாண்டுக்கு முந்திய வாரத்து ஞாயிறு, அண்ணையின் மேசையில் புழுக்கொடியலும் பனங்கட்டியும் இருந்தன. ஒருவர் வந்து தட்டுக்கு மாம்பழம் இல்லையா என்று கேட்டார். "வைகாசி நடுவுக்குப் பிறகு வாங்கோ" என்றார் அண்ணை. வந்தவர் வேறு கடைக்குப் போனார். மே 18இல் முதல் பெட்டிகள் இறங்கின. வாளியில் நாற்பது காய் போட்டோம், இரண்டு மிதந்தன.